90 வினாடிச் செய்தித் தொகுப்பு: ஒளிபரப்பு இதழியல் மாணவர்களுக்குக் களப்பயிற்சி அளிக்கும் முறை

தமிழகக் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. சென்னையில் உள்ள இதழியல் கல்லூரிக்கு இதைவிட நல்ல பயிற்சிக் களம் எளிதில் கிடைக்காது. தடை தொடங்கும் வாரத்தில் மாணவர்களை இருவர் இருவராகக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அனுப்பி, படமும் பேட்டியும் பின்னணிக் குரலும் சேர்ந்த 90 வினாடித் தொகுப்பு ஒன்றை அன்று மாலை கல்லூரியின் நான்கு மணிப் பயிற்சிச் செய்தியறிக்கைக்குள் முடித்துத் தரச் சொல்லுங்கள்.

முதல் அரை மணி நேரத்துக்குக் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே விடாதீர்கள். பயிற்சித் தொகுப்புகள் பெரும்பாலும் கெடுவது படத்தால் அல்ல, ஒலியால்தான் என்பது என் கருத்து. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஐஸ் உடைக்கும் சத்தம், நாட்டுப்படகு இன்ஜின், ஏலக் குரல் ஆகியவற்றைத் தனித்தனியே பதிவு செய்யட்டும். துறைமுகக் காற்று மைக்கில் மோதும்போது பேச்சு முழுவதும் இரைச்சலாகிவிடும் என்பதால் மைக்குக்குக் காற்றுத்தடுப்பு உறை கட்டாயம். ஒலி அளவு உச்சத்திலும் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்க வேண்டும். யாரும் பேசாத சூழல் ஒலியை அரை நிமிடம் தனியாக எடுத்து வைத்தால், எடிட்டிங்கில் வெட்டுகளுக்கு இடையிலான வெற்றிடத்தை அதைக்கொண்டு மூடலாம்.

கேமராவைப் பொறுத்தவரை, ஷட்டர் வேகத்தை 1/50 வினாடியில் வைக்கச் சொல்லுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், அது பொருந்தாவிட்டால் விளக்கொளியில் படம் துடிக்கும். ஒவ்வொரு ஷாட்டையும் அசையாமல் பத்து வினாடி பிடிக்க வேண்டும். வலை பின்னுபவரைப் படமெடுப்பதாக இருந்தால் முதலில் கரையும் படகுகளும் தெரியும் அகலக் காட்சி (வைட்), பின்னர் ஊசி நுழையும் விரல்கள், அதன்பின் அவர் முகம் என்ற மூன்றும் இருந்தாலே ஒரு காட்சித் தொடர் அமைந்துவிடும்.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது பேட்டியில்தான். "தடைக்காலம் கஷ்டமா இருக்காண்ணா?" என்று கேட்டால் "ஆமாம்பா" என்ற ஒற்றைச் சொல்தான் பதிலாக வரும், அதை வைத்துக்கொண்டு எதையும் வெட்ட முடியாது. "இந்த ரெண்டு மாசம் வீட்டுச் செலவுக்கு என்னண்ணா பண்ணுவீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால், அவர் கணக்குப் போட்டுச் சொல்லத் தொடங்குவார், தொகுப்பில் வைக்க வேண்டிய பேச்சுத் துண்டு (பைட்) அதற்குள்தான் இருக்கும். படகு உரிமையாளரோடு நிறுத்திக்கொள்ளாமல், படகில் வேலைக்குப் போகிறவரையும் மீன் விற்கும் பெண்ணையும் கேட்க வேண்டும். அவர்கள் பேச்சுவழக்கைத் திருத்தவோ, மறுபடி "நல்ல தமிழில்" சொல்லச் சொல்லவோ கூடாது.

ஸ்கிரிப்டை இரண்டு பத்திகளாக எழுதச் செய்யுங்கள்: இடப்பக்கம் படம், வலப்பக்கம் ஒலி. கட்டிக் கிடக்கும் படகுகள் திரையில் தெரியும்போது "படகுகள் கரையில் நிறுத்தப்பட்டுள்ளன" என்ற வரி வீண். தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகுகளுக்கு இல்லை என்ற படம் சொல்லாத செய்தியே அந்த இடத்துக்கு உரியது. எண்களை "அறுபத்தொரு நாள்" என எழுத்தில் எழுதினால் வாசிக்கும்போது நாக்கு தடுமாறாது. உரக்கப் படித்து, மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை முறிக்க வேண்டும்; அச்சு இதழுக்கு எழுதிப் பழகியவர்களுக்கு இது சற்று வலிக்கும்.

நான்கு மணிக்கு வராத தொகுப்பை ரன்டவுனிலிருந்து, அதாவது செய்தியறிக்கையின் வரிசைப் பட்டியலிலிருந்து, நீக்கிவிடுங்கள். இரக்கம் காட்டினால் பயிற்சி அங்கேயே முடிந்தது.

இந்தச் செய்தியறிக்கையைக் கல்லூரிக்குள் மட்டுமே ஓட்ட வேண்டும். வளாகத்தில் சமுதாய வானொலி இருந்தாலும், 2004-இல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். போன்ற நிலையங்களுக்கு ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பத்தான் அனுமதி உண்டு. சொந்தச் செய்திக்கு இல்லை. கல்லூரிக்குள் மட்டும்தானே ஓடுகிறது என்று சட்டக் கவனம் தளரக் கூடாது. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி குற்றம் என்பதால், பயிற்சிச் செய்தியிலும் முகம், பள்ளி, தெரு எதுவும் வரக் கூடாது.

மதிப்பீட்டின்போது ஒவ்வொரு தொகுப்பையும் முதலில் திரையை அணைத்து ஒலியை மட்டும் கேட்க வையுங்கள். அடுத்து ஒலியை நிறுத்திப் படத்தை மட்டும் காட்டுங்கள். எந்த இடத்தில் செய்தி புரியாமல் போகிறது என்பதை எடுத்தவர்களே குறித்துத் தரட்டும். மறுவாரம் செய்தியாளராக இருந்தவரிடம் கேமராவையும், கேமரா பிடித்தவரிடம் மைக்கையும் கொடுத்து அனுப்புங்கள்.