மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்: யூத–கத்தோலிக்கத் திருமணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாரிசில் என்னோடு வேலை பார்க்கும் தோழி சிகாகோவைச் சேர்ந்த யூதப் பெண். அவள் கட்டிக்கொண்டது அயர்லாந்துக் கத்தோலிக்கர் ஒருவரை. கல்யாணம் சிகாகோவில், ஏற்பாடெல்லாம் பாரிசிலிருந்து. நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால், கோயிலிலிருந்து ஒரு கடிதம் வந்தால்கூட இருவரும் என்னிடம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அவர்கள் பட்ட பாட்டில் பாதி, கேட்க வேண்டியதை முன்பே கேட்டிருந்தால் பட்டிருக்கவே வேண்டாம்.

முதலில் சறுக்கியது நாள் குறித்ததில். ஜூன் கடைசிச் சனிக்கிழமை, மாலை ஐந்து மணி என்று மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டு, அப்புறம்தான் யூத மதகுருவான ரபியைத் தேடினார்கள். யூதர்களின் ஓய்வுநாளான சபாத், வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கிச் சனி இரவு விண்மீன்கள் தெரியும்வரை நீடிக்கும். அதற்குள் திருமணம் செய்யக் கூடாது. ஜூன் கடைசியில் சிகாகோவில் சூரியன் மறையவே இரவு எட்டரை ஆகிவிடும். மண்டபக்காரர் பணத்தைத் திருப்பித் தரவில்லை.

சரி, ஞாயிறு வைத்துக்கொள்ளலாம் என்றால், பங்குக் கோயில்களில் அன்று காலையிலிருந்து பூசை இருக்கும். பல பங்குத்தந்தையர் ஞாயிறு கல்யாணத்துக்குத் தயங்குவார்கள். அதனால் ரபி, பங்குத்தந்தை இருவரிடமும் கேட்ட பிறகுதான் மண்டபம். யூத நாள்காட்டியில் வேறு தடைகளும் உண்டு. பாஸ்காவுக்கும் வாரங்களின் விழாவுக்கும் இடைப்பட்ட 49 நாட்களில் பெரும்பகுதியைத் தவிர்ப்பார்கள். 33ஆம் நாள் மட்டும் விலக்கு. எருசலேம் ஆலயம் இடிந்ததை நினைத்து நோன்பிருக்கும் ஆவ் மாதம் 9ஆம் நாளுக்கு முந்தைய மூன்று வாரங்களும் ஆகாது. நம் பக்கம் புனித வெள்ளியும் புனித சனியும் கூடவே கூடாது; தவக்காலத்தில் ஆடம்பரம் வேண்டாம் என்பார்கள்.

யூத மதத்தின் தாராளப் போக்குள்ள பிரிவு ரிஃபார்ம்; 'ரிஃபார்ம் ரபி என்றால் ஒத்துக்கொள்வார்' என்று எண்ணுவது அடுத்த தவறு. மரபை இறுகப் பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவு, நடுவில் நிற்கும் கன்சர்வேடிவ் பிரிவு, இரண்டின் ரபிகளும் யூதரல்லாதவரோடு நடக்கும் கல்யாணத்தை நடத்துவதில்லை. ரிஃபார்ம் ரபிகளின் அமைப்பும் 1973இல் அதற்கு எதிராகத்தான் தீர்மானம் போட்டது. ஆனால் முடிவை ஒவ்வொரு ரபியின் மனசாட்சிக்கு விட்டது. அதனால் ஒருவர் ஒத்துக்கொள்வார், பக்கத்துத் தெருவில் இருப்பவர் மாட்டார். ஒத்துக்கொள்பவர்களிலும் பலர், குருவானவரோடு சேர்ந்து நடத்த மாட்டேன் என்பார்கள். முதல் தொலைபேசி அழைப்பிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம், 'இரண்டு சடங்கையும் செய்துவிடலாம், இரு வீட்டாருக்கும் திருப்தி' என்ற எண்ணம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1086ஆம் பிரிவுப்படி, திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அது இல்லாமல் செய்த திருமணம் திருச்சபையில் செல்லாது. 1127ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது: மணமக்கள் தங்கள் சம்மதத்தைச் சொல்வது ஒரே முறைதான். காலையில் கோயிலில் ஒரு தடவை, மாலையில் பந்தலில் ஒரு தடவை என்று சொல்ல முடியாது. ஒரே சடங்கில் குருவும் ரபியும் தனித்தனியே சம்மதம் கேட்பதும் கூடாது.

ஆகவே வழி இரண்டு. குருவானவர் நடத்தலாம், ரபி வந்து ஆசி சொல்வார். இதற்குத் திருப்பலி இல்லாத தனிச் சடங்குமுறையே இருக்கிறது. அல்லது, கத்தோலிக்கச் சடங்குமுறையிலிருந்தும் ஆயரிடம் விலக்கு வாங்கிக்கொண்டு, யூத மணப்பந்தலான ஹுப்பாவின் கீழ் ரபி நடத்தலாம். குருவானவர் வந்து செபம் மட்டும் சொல்வார். என் தோழி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தாள். ரபி ஒத்துக்கொண்டால் எனக்கும் அதுவே நல்லதாகப் படுகிறது. சிலுவையில் பாடுபட்ட உருவத்தின் முன் நிற்கும்போது, கிறிஸ்தவர்களால் யூதர்கள் பட்ட துன்பங்களை நினைத்து வயதான யூத உறவினர்களின் மனதில் எழும் பழைய வலி லேசானதல்ல.

அந்த விலக்கை யாரிடம் கேட்பது? வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கேதான் வழி தவறுகிறார்கள். மாப்பிள்ளை, திருமுழுக்குப் பெற்ற அயர்லாந்துப் பங்குக்கு எழுதிவிட்டு இரண்டு மாதம் பதிலுக்குக் காத்திருந்தார். கேட்க வேண்டிய இடம் பாரிஸ். நீங்கள் குடியிருக்கும் ஊரின் மறைமாவட்டம்தான் உங்கள் மறைமாவட்டம். மூன்று மாதம் தங்கியிருந்தாலே அந்த உரிமை வந்துவிடும். அங்குள்ள பங்குத்தந்தை தாள்களைத் தயார் செய்வார். ஆயர் விலக்குத் தரும் முன் கல்யாணம் நடக்கும் மறைமாவட்டத்தையும் கலந்துகொள்வார். பிறந்த ஊர்ப் பங்கிலிருந்து வேண்டியது புதிதாக எடுத்த திருமுழுக்குச் சான்றிதழ். பெட்டியில் இருக்கும் பழைய பிரதி உதவாது. வேறு கல்யாணம் எதுவும் பதிவாகவில்லை என்று தெரிய வேண்டுமே.

இருவரில் யாராவது முன்பு மணமுறிவு பெற்றவர் என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இரண்டு யூதர்கள் செய்துகொண்ட திருமணத்தையும் கத்தோலிக்கத் திருச்சபை செல்லும் என்றே கொள்கிறது. நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் அங்கே போதாது.

பிள்ளைகள் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்துக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வேன் என்று கத்தோலிக்கர் வாக்குக் கொடுக்க வேண்டும். யூதத் தரப்பு எந்த வாக்கும் கொடுக்க வேண்டியதில்லை; அப்படி ஒரு வாக்கு இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். மறுபக்கம் பல ரபிகள், வீட்டில் பிள்ளைகள் யூதராக வளர வேண்டும் என்று கேட்பார்கள். இருவரும் முதலில் தங்களுக்குள் பேசி முடித்துவிட்டு, அதையே இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். குருவானவரிடம் ஒன்று, ரபியிடம் வேறொன்று என்று சொல்லிவைத்தால், முதல் குழந்தை பிறந்ததும் அது வீட்டுக்குள் சண்டையாக வரும்.

வாசகம் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு சறுக்கல் உண்டு. 'பழைய ஏற்பாடுதானே, பொதுவானது' என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டார் தோபித்து நூலிலிருந்து எடுத்திருந்தார்கள். கத்தோலிக்கக் கல்யாணங்களில் அடிக்கடி கேட்பதுதான். ஆனால் யூதர்களின் திருநூலில் தோபித்து கிடையாது. தொடக்கநூல், இனிமைமிகு பாடல் என்றால் இருவருக்கும் சொந்தம்.

அரசாங்கப் பதிவை மறந்துவிடாதீர்கள். சிகாகோ இருக்கும் குக் கவுண்டியில் வாங்கும் திருமண உரிமம் அந்தக் கவுண்டிக்குள் மட்டும்தான் செல்லும். வாங்கிய மறுநாளிலிருந்து 60 நாட்கள். கல்யாணத்தன்றே வந்து உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் கதை முடிந்தது. முடிந்த கையோடு, வெளிநாட்டிலும் ஏற்கும்படி அரசு இடும் அப்போஸ்டில் முத்திரையுடன் இரண்டு மூன்று சான்றிதழ் பிரதிகளை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். பிரான்சுக்குத் திரும்பியபின் அஞ்சலில் வரவழைப்பது பெரும்பாடு.

கடைசியாக, வந்தவர்களுக்கு ஒரு தாளாவது அச்சடித்துக் கொடுங்கள். ஹுப்பா என்றால் என்ன, மண ஒப்பந்தமான கெத்துபாவில் என்ன எழுதியிருக்கிறது, குருவானவர் எப்போது செபிப்பார் என்று நாலு வரி போதும். தோழி கொடுத்த தாளின் கடைசி வரி, 'கண்ணாடிக் குவளை உடையும் சத்தம் கேட்டதும் மசல் டோவ் (வாழ்த்துகள்) என்று சொல்லுங்கள்' என்பது. மாப்பிள்ளையின் அம்மா முந்தின நாள் இரவெல்லாம் அந்த இரண்டு சொல்லைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம். துணியில் சுற்றிய குவளையை மகன் வலது காலால் மிதித்த அந்த நொடியில், எல்லோருக்கும் முன்னால் கேட்டது அவர் குரல்தான்.