ஜிமேட் மாதிரித் தேர்வுகளை வீணாக்காமல் பயன்படுத்தும் முறை

மேலாண்மைப் பள்ளிகளில் சேர்வதற்காக ஜிமேட் எழுதப் போகிறவர்களில் பலர், வார இறுதிதோறும் இணையத்தில் ஒரு மாதிரித் தேர்வு எழுதுவது, மதிப்பெண்ணைக் குறித்துக்கொள்வது, அது ஏறவில்லை என்றால் மறுநாளே இன்னொன்றைத் திறப்பது என்ற சுழற்சிக்குள் சிக்கிக்கொள்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு தேர்வுகளுக்குப் பின்னும் மதிப்பெண் நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்குக் காரணம் உழைப்புக் குறைவன்று. தேர்வு எழுதும் இரண்டேகால் மணி நேரத்தில் நாம் புதிதாக எதையும் கற்பதில்லை. கற்றதும் கல்லாததும் அங்கே வெளிப்படுகின்றன, அவ்வளவுதான். அடுத்த நான்கைந்து நாட்களில் அந்தத் தேர்வைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் கற்றல் நிகழ்கிறது. அந்த நாட்களை ஒதுக்க முடியாதவர் அந்த வாரம் மாதிரித் தேர்வு எழுதாமல் இருப்பதே நல்லது.

எந்தத் தேர்வை எழுதுவது

முதலில் கவனிக்க வேண்டியது, கையில் இருக்கும் மாதிரித் தேர்வு இன்றைய ஜிமேட்டின் வடிவத்தில் இருக்கிறதா என்பது. 2023 நவம்பரில் அறிமுகமான புதிய வடிவில் மூன்று பகுதிகளே உள்ளன: குவான்டிடேட்டிவ் ரீசனிங் (கணிதம்) 21 வினாக்கள், வெர்பல் ரீசனிங் (ஆங்கிலப் பத்திகளைப் படித்து ஆராய்வது) 23 வினாக்கள், டேட்டா இன்சைட்ஸ் (தரவுகளை ஆராய்வது) 20 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடங்கள். மொத்த மதிப்பெண் 205 முதல் 805 வரை. எல்லா மதிப்பெண்களும் 5 என்ற இலக்கத்தில் முடியும். கட்டுரை எழுதும் பகுதியும், வாக்கியத் திருத்த வினாக்களும், வடிவியல் கணக்குகளும் நீக்கப்பட்டுவிட்டன. தரவு போதுமா என்று கேட்கும் டேட்டா சஃபிஷியன்சி வினாக்கள் கணிதப் பகுதியிலிருந்து டேட்டா இன்சைட்ஸுக்கு மாறிவிட்டன. முக்கோணத்தின் பரப்பளவைக் கேட்கிற, அல்லது 680, 710 என்று சுழியத்தில் முடியும் மதிப்பெண் தருகிற மாதிரித் தேர்வு பழைய வடிவைச் சேர்ந்தது. அதில் பயிற்சி வினாக்கள் சில தேறலாமே தவிர, அது தரும் எண்ணை இன்றைய மதிப்பெண்ணோடு நேராக ஒப்பிடக் கூடாது. பழைய அளவில் 700 எடுத்தவர் நின்ற இடத்தில் புதிய அளவில் ஏறத்தாழ 645 எடுத்தவர் நிற்கிறார் என்பதை அறியாமல், தம் மதிப்பெண் சரிந்துவிட்டதாக மனம் உடைந்தவர்கள் உண்டு.

இரண்டாவது, ஜிமேட் நம் விடைகளுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும் தேர்வு. சரியான விடைகள் தொடர்ந்தால் வினாக்கள் கடினமாகும். தவறுகள் தொடர்ந்தால் எளிதாகும். எத்தனை வினாக்கள் தவறின என்பதோடு, எந்தக் கடினத்தில் இருந்த வினாக்கள் தவறின என்பதும் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. ஆகவே எல்லோருக்கும் ஒரே 64 வினாக்களை வரிசையாகக் கொடுத்து, இறுதியில் ஒரு மதிப்பெண்ணையும் அச்சிட்டுத் தரும் தேர்வுகளின் கணிப்பை நம்ப வேண்டாம். பயிற்சி நிறுவனங்கள் நடத்தும், இப்படித் தன்னை மாற்றிக்கொள்ளும் தகவமைப்புத் தேர்வுகள் இதைவிட மேலானவை என்றாலும், மதிப்பெண் கணக்கிடும் முறை அவர்கள் வகுத்துக்கொண்டது. நீண்ட நேரம் உட்கார்ந்து எழுதிப் பழகவும், நேரத்தை ஒழுங்கு செய்யவும் அவை உதவும். நாம் எங்கே நிற்கிறோம் என்று அறிய, தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பே வெளியிடும் அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகள்தான் தகுந்தவை. அவை மொத்தம் ஆறு. முதல் இரண்டு இலவசம், மற்றவை விலைக்குக் கிடைக்கின்றன.

அந்த ஆறையும் சிக்கனமாகச் செலவிட வேண்டும். ஒரே தேர்வை மறுபடியும் எழுத வழி உண்டு; ஆனால் முன்பு பார்த்த வினாக்கள் சில திரும்ப வரக்கூடும் என்பதால், இரண்டாம் முறை கிடைக்கும் மதிப்பெண்ணில் நினைவாற்றலின் பங்கு எவ்வளவு, திறமையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய முடியாது.

இணையத்தில் உண்மையான தேர்வில் வந்த வினாக்கள் என்று சொல்லி விற்கப்படும் தொகுப்புகளை இங்கேயே ஒதுக்கிவிட வேண்டும். அப்படி வினாக்களை வெளியிட்ட ஓர் இணையதளத்தின் மீது தொடுத்த வழக்கில் 2008இல் ஜிமேக் வென்றதோடு, அதைப் பயன்படுத்தியவர்கள் பலரின் மதிப்பெண்களையும் ரத்து செய்தது.

முதல் தேர்வும் அதன் சூழலும்

முதல் மாதிரித் தேர்வை எப்போது எழுதுவது என்பதில் இருவேறு கருத்துகள் உள்ளன. எதையும் படிக்காமல் முதல் நாளே எழுத வேண்டும் என்பது ஒன்று. பாடம் முழுவதையும் முடித்த பிறகே எழுத வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டுமே சரியில்லை என்பது என் கருத்து. வினா வகைகளே தெரியாமல் எழுதும் தேர்வு நம் அறிமுகக் குறைவைத்தான் அளக்கும். எல்லாம் முடிந்த பின் எழுதும் தேர்வோ, எதைக் கூடுதலாகப் படித்திருக்க வேண்டும் என்பதைக் காலம் கடந்து சொல்லும். விகிதம், சதவீதம், எண்களின் பண்புகள் போன்ற பள்ளிக் கணிதத்தை ஒருமுறை புரட்டி, ஒவ்வொரு வினா வகையிலும் பத்துப் பதினைந்து வினாக்களைச் செய்து பார்த்து, இரண்டு மூன்று வாரங்கள் கழிந்ததும் முதல் இலவசத் தேர்வை எழுதுவது பொருத்தமாக இருக்கும்.

எழுதும்போது உண்மைத் தேர்வின் சூழலை இயன்றவரை உருவாக்க வேண்டும். தேர்வுக்குப் பதிவு செய்திருக்கும் அதே நேரத்தில் உட்காருங்கள். கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். இடைநிறுத்தும் வசதி இருந்தாலும் அதைத் தொடாதீர்கள். ஜிமேட்டில் திரைக் கணிப்பான் டேட்டா இன்சைட்ஸ் பகுதியில் மட்டுமே தரப்படும். கணிதப் பகுதியில் கிடையாது. இடைவேளை ஒன்றே ஒன்று, பத்து நிமிடங்கள். தேர்வு மையத்தில் காகிதமும் பேனாவும் கிடைக்காது. லேமினேட் செய்த தாள்களும் மார்க்கரும்தான் தருவார்கள். தடித்த முனையுள்ள மார்க்கரால் எழுதும்போது கணக்கு இரு மடங்கு இடம் பிடிக்கும், கையால் தேய்த்தால் அழிந்தும் போகும். சிறிய விஷயம்தான் என்றாலும், பேனாவால் நெருக்கி எழுதிப் பழகியவர் முதன்முறையாக அதைத் தேர்வன்றே சந்திக்கத் தேவையில்லை. மூன்று பகுதிகளையும் எந்த வரிசையிலும் எழுதலாம் என்பதால், முதல் இரண்டு மாதிரித் தேர்வுகளில் வெவ்வேறு வரிசைகளைச் சோதித்துவிட்டு, பின்னர் ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

நேரக் கணக்கு

ஒரு வினாவுக்குச் சராசரியாகக் கணிதத்தில் 2 நிமிடம் 9 நொடியும், வெர்பலில் 2 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவும், டேட்டா இன்சைட்ஸில் 2 நிமிடம் 15 நொடியும் கிடைக்கும். ஒவ்வொரு வினாவுக்கும் கடிகாரத்தைப் பார்ப்பவரால் சிந்திக்க முடியாது. பார்க்காமலே இருப்பவர் கடைசி ஐந்து வினாக்களை இழப்பார். ஆகவே சில நிறுத்தங்களில் மட்டும் பாருங்கள். கணிதத்தில் இது எளிது: 7 வினாக்கள் முடியும்போது 30 நிமிடங்களும், 14 முடியும்போது 15 நிமிடங்களும் மீதமிருக்க வேண்டும். வெர்பலில் 8 வினாக்களுக்குப் பின் ஏறத்தாழ 29 நிமிடங்கள், 16 வினாக்களுக்குப் பின் 14 நிமிடங்கள். டேட்டா இன்சைட்ஸில் பத்தாவது வினா முடியும்போது 22 நிமிடங்களுக்குக் குறையாமல் இருந்தால் போதும். அங்கே திரையில் பல தாவல்களில் (டேப்களில்) தகவல்களைத் தந்து தொடர் வினாக்கள் கேட்கும் வகை முதல் வினாவிலேயே நான்கு நிமிடங்களை விழுங்கிவிட்டுப் பின்னவற்றில் ஈடுகட்டும் என்பதால், கணக்கை இறுக்கிப் பிடிப்பதில் பொருளில்லை.

விடை குறிக்காமல் அடுத்த வினாவுக்குச் செல்ல முடியாது. பகுதியை முடிக்காமல் விட்டால் மதிப்பெண் குறையும். எனவே மூன்று நிமிடங்கள் ஆகியும் வழி தெரியாத வினாவில் ஏதேனும் ஒரு விடையைக் குறித்துவிட்டு நகர்வதும் பயிற்சியால் வர வேண்டிய ஒரு திறமையே. வினாக்களைக் குறியிட்டு வைத்து, நேரம் மிஞ்சினால் திரும்பி வந்து ஒரு பகுதிக்கு மூன்று விடைகள் வரை மாற்றலாம். குறியிடுவதற்கு வரம்பில்லை, மாற்றுவதற்குத்தான் வரம்பு. பத்து வினாக்களைக் குறியிட்டு வைப்பவர் எதற்குத் திரும்புவது என்று தேடுவதிலேயே மீந்த நிமிடங்களைத் தொலைப்பார். இன்னும் ஒரு நிமிடம் கொடுத்தால் நிச்சயம் முடியும் என்று தோன்றுபவற்றுக்கு மட்டும் குறியிடும் பழக்கத்தை மாதிரித் தேர்விலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

தேர்வுக்குப் பின் வரும் நாட்கள்

தேர்வு முடிந்த அன்றே விடை விளக்கங்களைப் படிக்காதீர்கள். களைத்த மூளை, விளக்கத்தைப் படித்ததும் ‘இது எனக்குத் தெரிந்ததுதான்’ என்று தலையாட்டிவிடும். மறுநாள், தவறிய வினாக்களை விடை பாராமல், நேரக் கட்டுப்பாடும் இல்லாமல் முதலில் மீண்டும் செய்யுங்கள். இப்போது சரியாக வருபவை ஒரு குவியல். இப்போதும் வராதவை இன்னொரு குவியல். முதல் குவியலில் உள்ளவற்றுக்கான பாடம் நமக்குத் தெரியும். அவசரமோ, கவனப் பிசகோ, தேர்வு நேரத்துப் பதற்றமோ காரணம். இரண்டாவது குவியலுக்குத்தான் பாடநூலைத் திறக்க வேண்டும். இந்தப் பிரிப்பைச் செய்யாதவர்கள் எல்லாத் தவறுக்கும் ஒரே மருந்தாகப் பாடத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

பிழைகளுக்கென்று ஒரு குறிப்பேடு அவசியம். அதில் ‘கவனக்குறைவு’ என்று எழுதுவது எழுதாததற்குச் சமம், ஏனென்றால் அடுத்த முறை எதைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்பதை அந்தச் சொல் தெரிவிப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டு: ஓர் எண்ணின் மதிப்பு என்ன என்று கேட்டு, அதன் வர்க்கம் 16 என்பதை முதல் கூற்றாகவும், அந்த எண் சுழியத்தைவிடப் பெரியது என்பதை இரண்டாம் கூற்றாகவும் ஒரு டேட்டா சஃபிஷியன்சி வினா தருகிறது. முதல் கூற்றை மட்டும் கொண்டால் அந்த எண் 4 ஆகவும் இருக்கலாம், குறை 4 ஆகவும் இருக்கலாம். இரண்டாம் கூற்று தனியே எதையும் தராது. இரண்டும் சேர்ந்தால்தான் விடை கிடைக்கும். முதல் கூற்றே போதும் என்று குறித்தவர் செய்த பிழை எது? குறை எண்ணை மறந்தது ஒரு வகை. இரண்டாம் கூற்றை முன்பே கண்ணோட்டமிட்டு, அதை அறியாமல் முதல் கூற்றோடு கலந்துகொண்டது வேறு வகை. முன்னவர் ‘வர்க்கம் என்றால் இரு குறிகளையும் சோதி’ என்று எழுத வேண்டும். பின்னவர் ‘முதல் கூற்றை முடிக்கும்வரை இரண்டாவதைக் கையால் மறை’ என்று எழுத வேண்டும். ஒரே வினாவில் ஒரே தவறான விடையைக் குறித்த இருவருக்கும் தேவைப்படும் திருத்தம் வேறு வேறு.

வெர்பல் வினாக்களில் சரியான விடை ஏன் சரி என்பதைவிட, நாம் குறித்த தவறான விடை அந்த நேரத்தில் ஏன் நம்மை ஈர்த்தது என்று எழுதுவது கூடுதல் பயன் தரும். பத்தியில் இருந்த சொல்லே அதிலும் இருந்ததாலா, பொது அறிவுக்கு உண்மையாகப் பட்டதாலா, ‘சில’ என்று பத்தி சொன்னதை ‘எல்லாம்’ என்று நீட்டியதைக் கவனிக்காததாலா? இரண்டு தேர்வுகளின் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒருவர் மூன்று நான்கு தூண்டில்களில்தான் திரும்பத் திரும்பச் சிக்குகிறார் என்பது தெரியும்.

சரியாக வந்த வினாக்களிலும் இரண்டு வகைகளைத் தப்பவிடக் கூடாது: ஊகித்துச் சரியானவை, மூன்று நிமிடங்களுக்கு மேல் தின்றவை. இவை அடுத்த தேர்வில் தவறாகிவிடக் காத்திருப்பவை.

அடுத்த மாதிரித் தேர்வுக்கு முன், குறிப்பேடு காட்டும் தலைப்புகளில் நேரம் வைத்துப் பத்து அல்லது பதினைந்து வினாக்கள் கொண்ட சிறு தொகுப்புகளாகப் பயிற்சி செய்யுங்கள். பயிற்சியின் தொடக்கக் காலத்தில் மூன்று வாரங்களுக்கு ஒன்று, இறுதி மாதத்தில் வாரத்துக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டத் தேவையில்லை.

மதிப்பெண்ணை எப்படி எடுத்துக்கொள்வது

மொத்த மதிப்பெண் பத்துப் பத்தாக ஏறுவது. இரண்டு தேர்வுகளுக்கிடையே இரண்டு மூன்று படிகள் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. ஒரு தேர்வில் 635, அடுத்ததில் 615 என்றால் சரிவு என்று கொள்ள வேண்டாம். கடைசி இரண்டு மூன்று அதிகாரபூர்வத் தேர்வுகளின் சராசரியைப் பாருங்கள். அதைவிட முக்கியம், 60 முதல் 90 வரை தனித்தனியே தரப்படும் பகுதி மதிப்பெண்கள். மொத்த மதிப்பெண்ணில் மூன்று பகுதிகளுக்கும் சமமான பங்கு உண்டு. பொறியியல் பின்னணியுள்ளவர்கள் தமக்குப் பிடித்த கணிதத்தில் 84ஐ 86 ஆக்கப் பல வாரங்கள் போராடிவிட்டு, டேட்டா இன்சைட்ஸில் 74இலேயே நின்றுவிடுவது வழக்கமாகக் காணும் காட்சி.

கடைசி மாதிரித் தேர்வை உண்மைத் தேர்வுக்கு ஐந்து முதல் ஏழு நாட்களுக்கு முன் எழுதுங்கள். முந்தின நாள் எழுதிக் கிடைக்கும் மதிப்பெண்ணை வைத்துத் திருத்திக்கொள்ள நேரம் இருக்காது, கலங்குவதற்கு மட்டும் இரவு முழுவதும் இருக்கும். ஆறு அதிகாரபூர்வத் தேர்வுகளில் ஒன்றையேனும் திறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்த மதிப்பெண் வராவிட்டால் 16 நாட்கள் கழித்து மறுபடியும் ஜிமேட் எழுதலாம், பன்னிரண்டு மாதங்களுக்குள் ஐந்து முறை வரை அனுமதி உண்டு. அப்போது, இதுவரை பார்த்திராத வினாக்கள் கொண்ட அந்த ஒரு தேர்வுதான் இடைப்பட்ட நாட்களின் பயிற்சி பலித்திருக்கிறதா என்று சொல்லும்.