மோடம் லாக்கை அலசுவது எப்படி? நோட்பேட்++ வைத்து ஒரு செய்முறை

ஃபேக்ஸ் சர்வர், தொலைதூர மீட்டர், அலாரம் பெட்டி, பழைய கருவிகளுக்கான ரிமோட் இணைப்பு என்று டயல்-அப் மோடம் இன்னும் பல இடங்களில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இணைப்பு அறுந்தால் பெரும்பாலும் என்ன செய்கிறோம்? கேபிளைப் பிடுங்கிச் சொருகுவோம், டிரைவரை மறுபடி போடுவோம், கடைசியில் மோடத்தையே மாற்றுவோம். விண்டோஸ் ஒவ்வோர் அழைப்பையும் வரி வரியாக எழுதி வைக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. அந்த லாக்கை (log, பதிவுக் கோப்பு) எடுத்து வடிகட்டினால் கோளாறு மோடத்திலா, லைனிலா, எதிர்முனையிலா என்று ஓரளவு தெளிவாகவே சொல்லிவிடலாம்.

தேவையானவை இரண்டுதான்: இலவசமாகக் கிடைக்கும் நோட்பேட்++, ஏதாவது ஒரு ஸ்பிரெட்ஷீட். மெனுப் பெயர்களும் லாக் வரிகளும் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். தேடும்போது ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

படி 1: லாக் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

டிவைஸ் மேனேஜரில் 'மோடம்ஸ்' பகுதியை விரித்து, உங்கள் மோடத்தின் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போங்கள். 'டயக்னாஸ்டிக்ஸ்' டேபில் 'அப்பெண்ட் டு லாக்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை டிக் செய்து ஓகே கொடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்த அழைப்பு முந்தைய அழைப்பின் பதிவை மேலெழுதிவிடும். ஒரே ஓர் அழைப்பை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது.

படி 2: காத்திருங்கள்

வழக்கம்போல மோடத்தைப் பயன்படுத்துங்கள். காலை, மாலை, இரவு என்று வெவ்வேறு நேரத்து அழைப்புகள் சேரட்டும். நல்லபடியாக முடிந்த அழைப்புகளும் வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் உதவும்.

படி 3: நகல் எடுங்கள்

அதே டேபில் 'வியூ லாக்' பட்டனை அழுத்தினால் கோப்பு திறக்கும். வேறு ஃபோல்டரில் வேறு பெயரில் சேமித்துக்கொண்டு, அந்த நகலை நோட்பேட்++-இல் திறங்கள். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம்.

படி 4: ஓர் அழைப்பை முழுதாகப் படியுங்கள்

முதல் பார்வைக்கு மிரட்டும். ஆனால் ஒவ்வொரு வரியின் அமைப்பும் ஒன்றுதான்: தேதி, மில்லிசெகண்ட் வரை நேரம், பிறகு நடந்த சங்கதி. 'சென்ட்' என்றால் கணினி மோடத்துக்குச் சொன்னது. 'ரிசிவ்' என்பதன் சுருக்கம் வந்தால் மோடம் திருப்பிச் சொன்னது. 'இன்டர்பிரட்டட் ரெஸ்பான்ஸ்' என்றால் அந்தப் பதிலை விண்டோஸ் எப்படிப் புரிந்துகொண்டது என்பது. முதலில் மோடத்தைத் தயார்செய்யும் கட்டளைகள் வரும், அடுத்து 'டயலிங்', அதன்பின் 'கனெக்ஷன் எஸ்டாப்ளிஷ்ட்' என்று வேகத்தோடு (நொடிக்கு இத்தனை பிட் என்று) ஒரு வரி, கீழே 'எரர்-கன்ட்ரோல்' (பிழை திருத்தம்), 'டேட்டா கம்ப்ரஷன்' (தரவுச் சுருக்கம்) ஆகியவை ஆனா, ஆஃபா என்ற விவரம். கடைசியில் அழைப்பு எப்படி முடிந்தது என்பது.

வேக வரியில் புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. அங்கே 115200 அல்லது 57600 என்று இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையே உள்ள போர்ட்டின் வேகம்; தொலைபேசி லைனின் வேகம் அல்ல. லைன் வேகத்தைச் சொல்லும்படி மோடத்தை அமைக்கவில்லை என்று அர்த்தம். பல மோடங்களில் தொடக்கக் கட்டளையில் 'டபிள்யூ2' சேர்த்தால் சரியாகிவிடும். உங்கள் மோடத்தின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உண்மையான லைன் வேகம் வந்துவிட்டால் அதிலேயே நிறைய விஷயம் இருக்கிறது. 1998-இல் வந்த வி.90 என்ற மோடம் தரத்தில் பதிவிறக்க வேகம் 28000-இலிருந்து 56000 வரை, சுமார் 1333 பிட் படிகளாக ஏறும். 49333, 50666 போன்ற விசித்திர எண்கள் அதனால்தான். உங்கள் அழைப்புகள் எல்லாமே 33600-க்குள்ளேயே, 28800, 31200 என்று நின்றால் இணைப்பு அதற்கு முந்தைய வி.34 தரத்துக்கு இறங்கிவிட்டது என்று ஊகிக்கலாம். வி.90 வேலை செய்ய, எதிர்முனை டிஜிட்டலாக இணைந்திருக்க வேண்டும். வழியில் அனலாக்-டிஜிட்டல் மாற்றம் ஒரே ஒரு முறைதான் நடக்கலாம். நடுவே ஒரு பிபிஎக்ஸோ (அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகம்) வேறு கருவியோ இன்னொரு முறை மாற்றினால் கதை முடிந்தது. எந்த மோடம் வாங்கினாலும் அது சரியாகாது.

படி 5: வேண்டிய வரிகளை மட்டும் வடிகட்டுங்கள்

நோட்பேட்++-இல் 'சர்ச்' மெனுவில் 'மார்க்' திறங்கள். 'புக்மார்க் லைன்' என்பதை டிக் செய்யுங்கள். 'பர்ஜ் ஃபார் ஈச் சர்ச்' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு புதுத் தேடலும் முந்தைய குறிகளைத் துடைத்துவிடும். இப்போது கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகத் தேடி 'மார்க் ஆல்' கொடுங்கள்:

- 'டயலிங்'
- 'கனெக்ஷன் எஸ்டாப்ளிஷ்ட்'
- 'ஹேங்கிங் அப்'
- 'ஹங் அப்'
- 'இன்டர்பிரட்டட் ரெஸ்பான்ஸ்: நோ' (நோ கேரியர், நோ டயல்டோன் இரண்டும் சிக்கும்; கேரியர் என்பது எதிர் மோடத்திலிருந்து லைனில் வரும் சைகை)

பிறகு 'சர்ச்' மெனுவிலேயே 'புக்மார்க்' போய் 'காப்பி புக்மார்க்டு லைன்ஸ்' கொடுத்து, புது டேபில் ஒட்டுங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும்.

படி 6: அட்டவணை

அதை ஸ்பிரெட்ஷீட்டில் ஒட்டி, ஓர் அழைப்புக்கு ஒரு வரிசை என்று மாற்றுங்கள்: தேதி, இணைந்த நேரம், வேகம், முடிந்த நேரம், முடிந்த விதம். இரண்டு நேரங்களையும் கழித்தால் அழைப்பு எவ்வளவு நேரம் நீடித்தது என்பது கிடைக்கும். கையால் செய்வது சலிப்பான வேலைதான், ஆனால் செய்யும்போதே பாதிப் பிரச்சினை கண்ணில் பட்டுவிடும். மழை நாளில் மட்டும் அறுகிறதா, குறிப்பிட்ட ஒரு நேரத்தில் மட்டுமா, எல்லா அழைப்புமே ஒரே கால அளவில் வெட்டப்படுகிறதா? கடைசியாகச் சொன்னது நடந்தால் லைனை விட்டுவிடுங்கள். எங்கேயோ ஒரு டைம்-அவுட் அமைப்பு (குறித்த நேரத்தில் தானாக வெட்டுவது) இருக்கிறது.

படி 7: மோடமே சொல்லும் வாக்குமூலம்

'டயக்' (DIAG) என்ற சொல்லைத் தேடுங்கள். அழைப்பு முடிந்ததும் விண்டோஸ் மோடத்திடம் 'ஏடி#யூடி' என்ற கட்டளையை அனுப்பி அறிக்கை கேட்கும். இதைப் புரிந்துகொள்ளாத மோடம் 'எரர்' என்று சொல்லிவிடும். புரிந்துகொள்ளும் மோடம், 'டயக்' என்று தொடங்கி, கோண அடைப்புக்குள் 26=7080 என்பது போன்ற ஜோடிகளாகப் பதில் தரும். இடப்பக்க எண் தலைப்பு, வலப்பக்கம் மதிப்பு. முக்கியமானவை இவை: 26, 27 தொடக்க வேகங்கள் (முதலாவது அனுப்பும் திசை, அடுத்தது பெறும் திசை), 34, 35 அதே வரிசையில் இறுதி வேகங்கள், 32, 33 ரீட்ரெயின் எண்ணிக்கை, 60 அழைப்பு முடிந்த காரணம், 61 கால் வெயிட்டிங் குறுக்கிட்ட எண்ணிக்கை.

7080 என்றதும் வேகம் ஏழாயிரம்தான் என்று பதற வேண்டாம். மதிப்புகள் ஹெக்ஸ் (16-ஐ அடிமானமாகக் கொண்ட) எண்கள். விண்டோஸ் கால்குலேட்டரை 'புரோகிராமர்' நிலைக்கு மாற்றி, ஹெக்ஸில் 7080 கொடுத்தால் தசமத்தில் 28800 என்று வரும். அதேபோல 8340 என்பது 33600, 6720 என்பது 26400. 26-இல் 8340, 34-இல் 6720 என்றிருந்தால் 33600-இல் தொடங்கிய அழைப்பு 26400-க்குச் சரிந்திருக்கிறது. என்னைக் கேட்டால் தொடக்க வேகத்தைவிட இந்தச் சரிவுதான் முக்கியம். 26400-இல் தொடங்கி அங்கேயே அசையாமல் நிற்கும் இணைப்பு, வேகமாகத் தொடங்கி நாலு முறை ரீட்ரெயின் ஆகும் இணைப்பைவிட எவ்வளவோ மேல். ரீட்ரெயின் நடக்கும்போது மோடங்கள் இரண்டும் லைனை மறுபடி அளந்துகொள்ளும். அதுவரை தரவு நின்றுபோகும்.

இந்த அறிக்கை வராவிட்டால், அழைப்பு முடிந்த கையோடு புட்டி போன்ற டெர்மினல் நிரலில் மோடத்தின் போர்ட்டைத் திறந்து நேரடியாகக் கேளுங்கள். யூஎஸ் ரோபாட்டிக்ஸ் மோடம் என்றால் 'ஏடிஐ6'; ராக்வெல், கோனெக்சன்ட் சிப் உள்ளவை என்றால் 'ஏடி&வி1'. கடைசி அழைப்பின் விவரம் மட்டுமே இருக்கும். இடையில் மோடத்தின் மின்சாரத்தை அணைத்தால் அதுவும் போய்விடும்.

படி 8: யார் வெட்டியது?

லாக்கில் 'ரிமோட் மோடம் ஹங் அப்' என்று இருப்பதை வைத்து எதிர்முனையைத் திட்டாதீர்கள். கேரியர் மறைந்தது என்பது மட்டுமே விண்டோஸுக்குத் தெரியும். எதிர்முனை வெட்டியதா, லைனில் இரைச்சல் புகுந்ததா என்று அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. எரர்-கன்ட்ரோல் ஓடும் அழைப்பில் மோடத்துக்கு இது தெரியும், ஏனென்றால் முறையாக முடிக்கும் எதிர்முனை முதலில் 'முடிக்கிறேன்' என்று ஒரு செய்தி அனுப்பும். 'ஏடி&வி1' அறிக்கையில் 'லிங்க் டிஸ்கனெக்ட்' என்றால் எதிர்முனை சொல்லிவிட்டுப் போனது; 'கேரியர் லாஸ்ட்' என்றால் சொல்லாமல் அறுந்தது; 'லோக்கல் ரிக்வெஸ்ட்' என்றால் வெட்டியது நம் பக்கம்.

கேரியர் லாஸ்ட் அதிகமாக இருந்து, 61-இலும் எண்ணிக்கை ஏறியிருந்தால் கால் வெயிட்டிங் ஒலிதான் காரணம். அந்தச் சேவையை நிறுத்தச் சொல்லுங்கள். முடியாவிட்டால் 'எஸ்10' ரெஜிஸ்டரைக் கூட்டிப் பாருங்கள்: கேரியர் போனபின் எவ்வளவு நேரம் பொறுத்து மோடம் லைனை வெட்ட வேண்டும் என்பதை அது நொடியில் பத்தில் ஒரு பங்காகச் சொல்கிறது. பல மோடங்களில் 14, அதாவது 1.4 நொடி இருக்கும். 50 கொடுத்தால் 5 நொடி பொறுக்கும். மாற்றிய பின் புது லாக்கில் ஆரம்பித்து, பழைய அட்டவணையோடு வைத்துப் பாருங்கள். வேறெதையும் அந்த நேரத்தில் தொட வேண்டாம்.

லாக்கை வேறொருவருக்கு அனுப்புவதானால், நீங்கள் டயல் செய்த எண்ணை விண்டோஸ் # குறிகளால் மறைத்திருக்கும். உள்ளே வந்த அழைப்புகளின் காலர் ஐடி வரிகளை மட்டும் ஒருமுறை நீங்களே தேடிப் பார்த்து, எண் ஏதும் இருந்தால் அழித்துவிட்டு அனுப்புங்கள்.