4 நொடியில் 5 குறி: ரேபிட் ஃபயர் பிஸ்டலை நேரம் வைத்துப் பழகுவது

ரேபிட் ஃபயர் பிஸ்டல் என்ற துப்பாக்கி சுடும் போட்டியில் 25 மீட்டர் தூரத்தில் ஐந்து குறிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டு. முதலில் 8 நொடி, அடுத்து 6, கடைசியில் 4. ஐந்து குண்டு சேர்ந்தது ஒரு சீரீஸ். ஒவ்வொரு நேரத்துக்கும் இரண்டு சீரீஸ் என்று ஒரு ஸ்டேஜுக்கு 30 குண்டு, இரண்டு ஸ்டேஜுக்கு 60. 8 நொடி சீரீஸில் 50-க்கு 48, 49 புள்ளி எடுப்பவர் 4 நொடியில் 40-ஐத் தொடத் திணறினால், கைவேகம் போதவில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் அது இல்லை. முதல் குண்டுக்கு அதிக நேரம் போகிறது, அல்லது ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவில் டிரிக்கர் விரல் சும்மா இருக்கிறது. இந்த இரண்டையும் சரி செய்வதற்கான பயிற்சிதான் இங்கே.

முதலில் பாதுகாப்பு

நேரம் ஓடும் பயிற்சியில் கவனம் கடிகாரத்தின் மேல் போய்விடும். அதனால் சில பழக்கங்கள் யோசிக்காமலே வர வேண்டும். குழல் எப்போதும் குறியின் பக்கமே இருக்கும். சைட் (குழலின் முன்னும் பின்னும் உள்ள குறிபார்ப்பான்) குறிக்கு வரும் வழியில் இல்லாதபோது விரல் டிரிக்கருக்கு வெளியே. ‘லோட்’ என்ற கட்டளைக்கு முன் மேகசின் உள்ளே போகக் கூடாது. மேகசினில் ஐந்துக்கு மேல் தோட்டா கூடாது. சீரீஸ் முடிந்ததும் மேகசினைக் கழற்றி, ஸ்லைடைத் திறந்து, துப்பாக்கியின் தோட்டா அறை காலி என்று கண்ணால் பார்த்து, அதைக் காட்டும் பாதுகாப்புக் கொடியைச் செருகிய பிறகே துப்பாக்கி மேசைக்குப் போகும். காதடைப்பும் கண்ணாடியும் ரேஞ்சுக்குள் நுழையும்போதே போட்டிருக்க வேண்டும். சுடும் கோட்டில் டிரை ஃபயர், அதாவது தோட்டா இல்லாமல் சுட்டுப் பழகுவது, செய்வதானாலும் ரேஞ்ச் ஆபிசரின் அனுமதி வேண்டும்.

வீட்டில் டிரை ஃபயர் செய்பவர்கள் தோட்டாவை அந்த அறைக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது. தொடங்கும் முன் துப்பாக்கியின் தோட்டா அறையை ஒரு முறை பார்த்து, விரல் விட்டும் தொட்டுப் பாருங்கள்.

துப்பாக்கி, குறி, அளவுகள்

பாயின்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டா, குறைந்தது 1000 கிராம் டிரிக்கர், 1400 கிராமுக்கு மேற்படாத துப்பாக்கி. 2004 வரை இந்தப் போட்டியில் பாயின்ட் 22 ஷார்ட் தோட்டா போடும் தனி வகைத் துப்பாக்கிகள் இருந்தன; அவற்றில் உதைப்பு மிகக் குறைவு, டிரிக்கரும் மிக லேசு. 2005-இல் விதி மாறியது. பழைய பயிற்சிக் குறிப்புகளை வைத்துப் பழகுபவர்கள் இதை மறக்கக் கூடாது. அன்று தேவைப்படாத உறுதியான பிடியும் டிரிக்கர் வேலையும் இன்று அவசியம்.

டிரிக்கர் இரண்டு கட்டமாக இருப்பது நல்லது. மொத்த எடையில் 700 முதல் 750 கிராம் வரை முதல் கட்டத்தில் போய்விட்டால், கடைசியில் டிரிக்கரை உடைக்க, அதாவது குண்டு போக, 250 முதல் 300 கிராம்தான் மிச்சம். எடைக்கட்டியால் சோதிக்கும்போது சரியாக 1000-த்தில் நிறுத்தாமல் 1020, 1030 வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போட்டியன்று சோதனையில் எடை தூக்காமல் போகலாம்.

குறியின் கறுப்பு முழுவதும் 500 மில்லிமீட்டர் விட்டம். பத்து வளையம் 100, ஒன்பது 180. அதாவது 25 மீட்டரில் மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் விலகினாலும் பத்துதான். இவ்வளவு பெரிய பத்துக்கு நுணுக்கமாகக் குறி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. சைட் இரண்டும் சமமாக இருந்தால், கறுப்பின் நடுப்பகுதியில் எங்கே இருந்தாலும் போதும். கறுப்பின் கீழ் விளிம்பில் குறி பார்க்கும் வழக்கத்தை ஏர் பிஸ்டலிலிருந்து கொண்டுவருபவர்கள் அதை இங்கே விட்டுவிட வேண்டும்; இங்கே கறுப்பின் நடுவில்தான் குறி.

குறிகளின் மையங்களுக்கு இடையே 75 சென்டிமீட்டர். முதல் குறியிலிருந்து ஐந்தாவது வரை 3 மீட்டர். கோணமாகப் பார்த்தால் ஏறத்தாழ 7 பாகைதான். இந்தச் சின்னத் திருப்பத்தைத் தோளால் செய்தால் சைட் கலையும். இடுப்பிலிருந்து மேல் உடம்பு முழுவதும் ஒரே துண்டாகத் திரும்ப வேண்டும். மணிக்கட்டும் முழங்கையும் தோளும் பூட்டியபடியே இருக்கும். வலக்கைக்காரர்கள் பெரும்பாலும் வலமிருந்து இடமாகப் போவார்கள். கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்து பார்த்தால் துப்பாக்கி நடுக்குறிக்கும் கடைசிக் குறிக்கும் இடையில் நிற்கும்படி கால்களை வையுங்கள். முதல் குறிக்கு உடம்பைச் சற்று முறுக்கிப் போகிறோம். அந்த முறுக்கு அவிழ்வதே திருப்பத்துக்கு உதவும்.

நேரத்தைப் பங்கு போடுவது

‘அட்டென்ஷன்’ என்றதும் சிவப்பு விளக்கு. 7 நொடி கழித்துப் பச்சை. அதுவரை கை 45 பாகைக்கு மேலே போகக் கூடாது, அசையவும் கூடாது. இந்த 7 நொடியையும் பயன்படுத்த வேண்டும்: முதல் மூன்று நொடியில் ஒரு மூச்சு இழுத்து விடுங்கள், அடுத்த இரண்டில் பாதி மூச்சு இழுத்து நிறுத்துங்கள், கடைசி இரண்டில் பிடியை முழு அழுத்தத்துக்குக் கொண்டுவாருங்கள். பச்சைக்குப் பிறகு பிடியை இறுக்கினால் முதல் குண்டு நிச்சயம் கெடும்.

பச்சை வந்த பிறகு பங்கீடு இப்படி:

8 நொடி: முதல் குண்டு 2.3 நொடியில், பிறகு 1.3 நொடிக்கு ஒன்று. கடைசி 7.5-இல்.
6 நொடி: முதல் குண்டு 1.9-இல், பிறகு 0.9-க்கு ஒன்று. கடைசி 5.5-இல்.
4 நொடி: முதல் குண்டு 1.4-இல், பிறகு 0.6-க்கு ஒன்று. கடைசி 3.8-இல்.

4 நொடி வரியைக் கவனியுங்கள். முதல் குண்டு 1.4-க்குப் பதில் 2 நொடியில் போனால் மீதி நான்குக்கும் தலா அரை நொடிதான். அதிலும் கடைசிக் குண்டு, நேரம் முடிந்து வரும் சிவப்பு விளக்கோடு மோதும். ஐந்தாவது குறியில் விழும் ஆறும் பூஜ்யமும் உண்மையில் முதல் குறியில் நடந்த தவறு. ஆகவே பயிற்சி நேரத்தில் பாதியை முதல் குண்டுக்கே கொடுத்தாலும் வீண் இல்லை.

கை உயரும் விதம் ஒரே வேகத்தில் இருக்கக் கூடாது. முதல் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தை விரைவாகக் கடந்து, கறுப்பின் கீழ் விளிம்பு வந்ததும் வேகம் தணிய வேண்டும். கை உயரும்போதே விரல் டிரிக்கரின் முதல் கட்டத்தை எடுத்துவிட வேண்டும். கறுப்புக்குள் நுழையும்போது இரண்டாம் கட்டத்தில் அழுத்தம் தொடங்கியிருக்க வேண்டும். நடுவில் நிற்கும் நேரத்தில் குண்டு போக வேண்டும். நின்ற பிறகு டிரிக்கரைத் தேடத் தொடங்குபவருக்கு 1.4 நொடி ஒருநாளும் போதாது.

குண்டு போனதும் டிரிக்கரை உடனே முழுதாக விட்டுவிடுங்கள். உதைப்பு அடங்கி, உடம்பு திரும்பி, அடுத்த குறிக்குப் போகும் அந்தப் பாதி நொடியிலேயே முதல் கட்டம் மறுபடி எடுக்கப்பட்டிருக்க வேண்டும். திருப்பமும் டிரிக்கரும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தால் 0.9 நொடி ஆகும். சேர்ந்து நடந்தால் 0.6. இந்தப் பயிற்சியின் கரு இதுதான். கண் முன்பக்கச் சைட்டின் மேலேயே இருக்கும், குறி மங்கலாகத்தான் தெரியும். குறியைத் தெளிவாகப் பார்க்க ஆசைப்பட்டால் சைட் விலகியது தெரியாமலே குண்டு போய்விடும்.

தோட்டா இல்லாமல்

வாரத்தில் நான்கு நாள், தலா 20 நிமிடம். அதற்கு மேல் செய்தால் தோள் தளர்ந்து தவறான அசைவே பழகிப்போகும்.

2.5 மீட்டர் தூரத்தில் சுவரில் 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஐந்து கறுப்பு வட்டங்களை, மையத்துக்கு மையம் 7.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஒட்டுங்கள். எல்லாமே பத்தில் ஒரு பங்கு. உயரத்தையும் பத்தில் ஒரு பங்காகக் கணக்கிட வேண்டும், பலர் இங்கேதான் தவறு செய்கிறார்கள். ரேஞ்சில் குறியின் மையம் 1.40 மீட்டர் உயரம். உங்கள் கண் 1.60 மீட்டரில் இருந்தால் வித்தியாசம் 20 சென்டிமீட்டர். சுவரில் அது 2 சென்டிமீட்டர். ஆக வட்டங்கள் 1.58 மீட்டர் உயரத்தில் வர வேண்டும். 1.40-லேயே ஒட்டினால் கை தாழ்ந்து நிற்கப் பழகி, ரேஞ்சில் எல்லாம் தாழ்வாகப் போகும்.

பாயின்ட் 22 துப்பாக்கியை அப்படியே காலியாகச் சுட்டால் ஃபயரிங் பின் (தோட்டாவை அடிக்கும் ஊசி) தோட்டா அறையின் விளிம்பில் மோதிக் காயப்படுத்தலாம். துப்பாக்கியில் டிரை ஃபயர் அமைப்பு இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பிளக் வையுங்கள். பெரும்பாலான துப்பாக்கிகளில் முதல் முறைதான் டிரிக்கர் உடையும். மற்ற நான்குக்கும் அது செத்துக் கிடக்கும். பரவாயில்லை, செத்த டிரிக்கரையே விட்டு விட்டு அழுத்துங்கள். இங்கே விரலுக்குப் பழக வேண்டியது தாளம்.

அந்தத் தாளத்துக்கு மெட்ரோனோம் செயலியைவிட எளிய கருவி இல்லை. நிமிடத்துக்கு 46 தட்டு வைத்தால் 1.3 நொடி, 67 வைத்தால் 0.9, சரியாக 100 வைத்தால் 0.6. முதல் வாரம் 46, இரண்டாம் வாரம் 67. 100-க்குப் போகும்போது முதலில் துப்பாக்கி இல்லாமல் கையை நீட்டி இடுப்பை மட்டும் திருப்பிப் பாருங்கள். தட்டு விழும்போது சைட் நடுவில் இருக்க வேண்டும்.

ரேஞ்சில் ஒரு நாள்

மூன்று நேரத்துக்கும் வந்துவிட்டவருக்கு ஒரு நாளைக்கு 85 குண்டு போதும். வரிசை முக்கியம். ஐந்து குண்டு நேரம் பார்க்காமல், சைட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க. பத்து குண்டு, ஒரே குறியில், ஒவ்வொரு முறையும் தயார் நிலையிலிருந்து கை உயர்த்தி ஒரு குண்டு மட்டும், 3 நொடிக்குள். பிறகு இரண்டு குறிக்கு ஐந்து முறை, மூன்று குறிக்கு ஐந்து முறை. இதற்குள் 40 குண்டு ஆகிவிடும். முழு சீரீஸ் இன்னும் தொடங்கவில்லை என்று பொறுமை இழக்கக் கூடாது. அடுத்து 8 நொடியில் இரண்டு சீரீஸ், 6 நொடியில் மூன்று, 4 நொடியில் மூன்று. கடைசி ஐந்து குண்டு மறுபடி 8 நொடியில். கெட்ட 4 நொடி சீரீஸோடு நாளை முடிக்காதீர்கள். உடம்பு கடைசியாகச் செய்ததை நினைவில் வைத்துக்கொள்ளும்.

8 நொடியில் தொடர்ந்து மூன்று சீரீஸ் 47-க்கு மேல் வந்து, கடைசிக் குண்டும் 7.5-க்குள் போயிருந்தால் 6-க்குப் போகலாம். அதுவரை 4 நொடியைத் தொடவே வேண்டாம். அவசரப்பட்டு 4 நொடியில் பழகியவருக்கு ஒட்டிக்கொள்ளும் டிரிக்கர் இழுப்பு போக மாதக்கணக்கில் ஆகும்.

குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் மானிட்டரை மூடி வையுங்கள். சீரீஸின் நடுவில் ஓர் எட்டைப் பார்த்த கண் அடுத்த குண்டுக்கு முன் சைட்டுக்குத் திரும்பி வராது. வாரத்துக்கு ஒரு நாள், காகிதக் குறியைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் சுடுங்கள். தேட மையமே இல்லாதபோது கண் தானாகவே சைட்டில் நிற்கும். குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்த்தால் பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்.

எங்கே விழுந்தது, ஏன்

கீழே தரும் திசைகள் வலக்கைக்காரருக்கு, வலமிருந்து இடமாகப் போகும்போது.

முதல் குண்டு கீழே அல்லது கீழ் இடப்பக்கம்: 1000 கிராமையும் ஒரே மூச்சில் இழுத்திருக்கிறீர்கள். கை உயரும்போது முதல் கட்டம் எடுக்கப்படவில்லை. ஒரு குண்டுப் பயிற்சிக்குத் திரும்புங்கள்.

நடுக் குறிகளில் வலப்பக்கம்: திருப்பம் முடியும் முன் குண்டு போய்விட்டது, விரல் கண்ணை முந்துகிறது. இடப்பக்கம் என்றால் உடம்பு நிற்காமல் தாண்டிப் போகிறது, பெரும்பாலும் தோள் மட்டும் திரும்பியிருக்கும்.

இரண்டாவதும் மூன்றாவதும் மேலே: உதைப்பிலிருந்து கை இறங்கும் முன் சுட்டது, அல்லது மணிக்கட்டு தளர்ந்தது. திருப்பமே இல்லாமல் ஒரே குறியில் ஐந்து குண்டை 4 நொடியில் சுட்டுப் பாருங்கள். அப்போதும் மேலே போனால் பிடிதான் கோளாறு. உள்ளங்கையின் அடிப்பகுதி க்ரிப்பை நிரப்பவில்லை என்றால் க்ரிப்பைச் செதுக்கவோ, மரப் புட்டியிட்டு நிரப்பவோ வேண்டும்.

ஐந்தாவது மட்டும் கீழே: சிவப்பு விளக்கைப் பற்றிய பயம். டிரை ஃபயரில் ஆறாவதாக ஒரு வட்டத்தை ஒட்டி, ஐந்தாவதுக்குப் பிறகு அதற்கும் போய் நில்லுங்கள். சில வாரத்தில் ஐந்தாவது குண்டு வழியில் வரும் ஒன்றாகிவிடும்.

ஐந்தும் ஒரே பக்கம், ஆனால் நெருக்கமாக: இது உங்கள் தவறில்லை, சைட்டைத் திருப்புங்கள். பத்து குண்டாவது பார்த்த பிறகு திருப்புங்கள்; சிதறலுக்குச் சைட்டைத் திருப்பினால் நாள் முழுவதும் துரத்திக்கொண்டே இருப்பீர்கள்.

நோட்டில் மொத்தப் புள்ளியை மட்டும் எழுதுவது பயனற்றது. ஒவ்வொரு குண்டும் எந்தக் குறியில், எந்தத் திசையில், எத்தனையாவது நொடியில் என்று எழுதுங்கள். ஷாட் டைமர் இருந்தால் இடைவெளிகளையே அது காட்டும். இல்லாவிட்டால் தொலைபேசியில் ஒலியைப் பதிவு செய்து பிறகு அளக்கலாம்.

துப்பாக்கி நின்றுவிட்டால்

சீரீஸின் நடுவில் சிக்கினால் குழலைக் குறியின் பக்கமே வைத்து, எதையும் தொடாமல், மற்றக் கையை உயர்த்தி ஆபிசருக்காகக் காத்திருங்கள். நீங்களே ஸ்லைடை இழுத்துவிட்டால் கோளாறு துப்பாக்கியுடையதா உங்களுடையதா என்று தீர்மானிக்க வழி இருக்காது. சீரீஸைத் திரும்பச் சுடும் வாய்ப்பும் போகலாம். பயிற்சியிலும் இதையே செய்யுங்கள்.

பெரும்பாலான சிக்கல்களுக்குக் காரணம் அழுக்கு. பாயின்ட் 22 தோட்டாவின் ஈயத்தில் மெழுகோ கொழுப்போ பூசியிருக்கும். அது தோட்டா அறையின் வாயிலும், காலிக் கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியிலும் படிந்து, காலிக் கூடு வெளியேறாமல் நிற்கும். ஒவ்வொரு பயிற்சி நாளுக்குப் பிறகும் இந்த இரண்டு இடங்களையும் துடையுங்கள். மேகசின்களில் 1, 2, 3 என்று எண் எழுதி வையுங்கள். சிக்கல் எப்போதும் 2-லேயே வந்தால் அதன் வாய் விரிந்திருக்கும். அதைப் பயிற்சிப் பையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.