மலைப்பாதையில் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுப்பது எப்படி

அகலமான டயர் போட்டால் கிரிப் கூடும் என்று நம்பித்தான் பலரும் டயர் கடைக்குப் போகிறார்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் ஓடும் பழைய பிரிட்டிஷ் கார்களான எம்.ஜி.பி.க்கும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயருக்கும் அது பெரும்பாலும் தப்புக் கணக்கு. மலைப்பாதையில் இந்தக் கார்கள் போகும் வேகம் முப்பதிலிருந்து ஐம்பதுக்குள். ரோடு பாதி நாள் ஈரம். நிழல் விழும் வளைவுகளில் பாசியும் யூகலிப்டஸ் இலையும் ஒட்டிக் கிடக்கும். ரேஸ் டிராக்கை மனதில் வைத்துச் செய்த செமி-ஸ்லிக் டயர் நன்றாகச் சூடேறினால்தான் ஒட்டும். குன்னூர் ஏறி முடித்த பிறகும் அந்தச் சூடு வராது. இங்கே தேவைப்படுவது குளிரிலும் ஈரத்திலும் பிடிக்கிற, வழுக்கப்போகிறது என்று முன்கூட்டியே ஸ்டியரிங்கில் சொல்கிற டயர்.

1960களின் சஸ்பென்ஷன் உயரமான பக்கச்சுவர் கொண்ட ஒல்லி டயருக்காகவே அமைக்கப்பட்டது. அந்த டயர் படிப்படியாக நழுவும், திருத்திக்கொள்ள நேரம் கொடுக்கும். தாழ்ந்த பக்கச்சுவர் டயர் கடைசி வரை பிடித்துவிட்டுச் சட்டென்று விடும். பவர் ஸ்டியரிங் இல்லாத காரில் அகல டயர் போட்டு கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும்.

ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டின் அமைப்பே இதற்கும் அடிப்படை. பின்னால் ஸ்விங் ஆக்சில், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகும்போது அதன் சாய்வும் மாறும் அமைப்பு. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காரின் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கும். டயரின் கிரிப் கூடக் கூட இந்த எழும்பலும் கூடும். ஆகவே மார்க் 1 முதல் 3 வரை உள்ள கார்களுக்கு ஒட்டும் அகல டயர் ஆபத்து. 1970 இறுதியில் வந்த மார்க் 4-இல் பின் ஸ்பிரிங்கை மாற்றியமைத்து இதைப் பெருமளவு குறைத்தார்கள்.

அளவு

டயரைப் பார்க்கும் முன் ரிம்மை அளந்துகொள்ளுங்கள். ரிம்மின் உள் ஓரத்திலிருந்து உள் ஓரம் வரை உள்ள அகலம்தான் கணக்கு. எம்.ஜி.பி.யின் கம்பிச் சக்கரம் நாலரை அங்குலம், ராஸ்டைல் இரும்புச் சக்கரம் ஐந்து. பழைய புத்தகத்தில் வெறும் 165 ஆர்14 (165 மி.மீ. அகலம், ஆர் என்றால் ரேடியல், 14 அங்குல ரிம்) என்று போட்டிருந்தால் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் சுமார் 80 முதல் 82 சதவீதம் என்று அர்த்தம். இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. 165/80 ஆர்14 மாருதி ஸ்விஃப்டின் அடிப்படை மாடல்களுக்கு வந்த அளவு. கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ சொல்லி வைத்து வாங்கிவிடலாம். எம்.ஜி.பி.க்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஸ்பிட்ஃபயருக்கு 145/80 ஆர்13 அல்லது 155/80 ஆர்13 தேடுங்கள்.

கடைக்காரர் 185/65 ஆர்14 எடுத்துக் கொடுப்பார், அது கைவசம் இருக்கும். வேண்டாம். 165/80-இன் விட்டம் ஏறத்தாழ 620 மி.மீ., இதன் விட்டம் 596. கார் 12 மி.மீ. தாழும், ஏற்கெனவே தரையை உரசும் சைலன்சர் ஒவ்வொரு வேகத்தடையிலும் இடிக்கும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 58-க்குள்தான் போவீர்கள். அகலம் வேண்டியே தீரும் என்றால் 185/70 ஆர்14 வரை போகலாம். விட்டம் 615, ஏறக்குறைய சரியாக வரும். ஆனால் நாலரை அங்குல ரிம்முக்கு அதுவே எல்லை. மாட்டிய பின் ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பின்னால் இரண்டு பேரை உட்காரவைத்து, வீல் ஆர்ச்சில் உரசுகிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள்.

பக்கச்சுவரில் அளவுக்குப் பின்னால் உள்ள எண்ணும் எழுத்தும் தாங்கும் எடையும் வேகமும். 82 என்றால் ஒரு டயருக்கு 475 கிலோ. டி (T) என்றால் மணிக்கு 190 கி.மீ., எச் (H) என்றால் 210. சுமார் ஒரு டன் அல்லது அதற்கும் குறைவான இந்த வண்டிகளுக்கு டி தாராளம்.

பழைய பேட்டர்ன் வேண்டுமென்றால் பைரெல்லி சிந்துராட்டோ சிஏ67, மிஷெலின் எக்ஸ்ஏஎஸ் போன்றவை இன்றும் வெளிநாட்டில் வார்க்கப்படுகின்றன. அருமையான டயர்கள், பழைய காரின் குணத்தை அப்படியே காப்பாற்றும். ஆனால் 2020 ஜூனில் டயர் இறக்குமதி கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போனதிலிருந்து வரவழைப்பது லேசல்ல. யாரிடமாவது கிடைத்தால், விலை பேசும் முன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள்.

தேதி, ரப்பர், பூ

பக்கச்சுவரில் டி.ஓ.டி. (DOT) என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் வருடமும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். அந்த நான்கு இலக்கம் சில டயர்களில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும்; உள்பக்கமாக மாட்டியிருந்தால் குனிந்து டார்ச் அடித்துத்தான் படிக்க வேண்டும். ஆறு வருடம் தாண்டிய டயர், பூ (ரோட்டைத் தொடும் பள்ளமும் கட்டையும்) முழுசாக இருந்தாலும் மலைக்கு வேண்டாம். வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத கார்களில் டயர் தேய்ந்து சாவதில்லை, கெட்டிப்பட்டுச் சாகிறது. பக்கச்சுவரைக் கட்டைவிரலால் வளைத்துப் பார்த்தால் மயிரிழை வெடிப்புகள் தெரியும். ஈர ரோட்டில் இப்படிப்பட்ட டயரும் மொட்டை டயரும் ஒன்றுதான்.

சாதாரண கோடை டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி விழும் விடியற்காலைகளில் எந்த டயரும் முதல் சில கிலோமீட்டருக்கு நம்பத்தக்கதல்ல. நீண்டநாள் உழைப்பதைப் பெருமையாகச் சொல்லும் டயர்கள் பெரும்பாலும் கெட்டி ரப்பர். அந்த உழைப்பு நமக்குத் தேவையே இல்லை. பூவில் பெரிய கட்டைகளைவிட, மெல்லிய வெட்டுகள் நிறைய உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே திசையில் மட்டும் உருளும் அம்புக்குறி டயர் வேண்டாம். ஸ்டெப்னி ஒரு பக்கத்துக்குத்தான் பொருந்தும்.

டியூப் விவகாரம்

கம்பிச் சக்கரத்தில் கம்பி முனைகள் வழியாகக் காற்று கசியும் என்பதால் டியூப் கட்டாயம். பழைய இரும்பு ரிம்களில் டயர் ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் உள்மேடு இருக்காது; காற்று குறைந்த நிலையில் இறுக்கமாக வளைத்தால் டயர் உள்ளே நழுவிவிடும். அங்கும் டியூப்தான் நல்லது.

டியூபில் ரேடியல் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாட்டும் முன் ஒவ்வொரு கம்பி முனையையும் விரலால் தடவி, நீட்டிக்கொண்டிருப்பதை அரம் வைத்து மட்டமாக்குங்கள். அதன் மேல் புது ரிம் பட்டை. டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போடுவதானால் உள்சுவரில் எழும்பிய கோடுகளும் ஒட்டிய ஸ்டிக்கரும் இருக்கக் கூடாது. அவை டியூபைத் தேய்த்தே ஓட்டையாக்கும். டால்க் பவுடர் லேசாகத் தூவினால் போதும், கொட்டினால் ஒரே இடத்தில் சேர்ந்து பேலன்ஸைக் கெடுக்கும். கொஞ்சம் காற்றடித்து, முழுக்க இறக்கி, மறுபடி அடியுங்கள். டியூபின் மடிப்பு அப்போதுதான் விரியும்.

பேலன்சிங் மெஷினில் கம்பிச் சக்கரத்தை உட்காரவைக்கச் சரியான கூம்புகள் தேவை. அவை இல்லாத கடையில் செய்தால் செய்யாததைவிட மோசம். நடு நட்டின் மரை திசை பக்கத்துக்குப் பக்கம் மாறும். அம்புக்குறியைப் பார்த்து, செம்பு அல்லது தோல் சுத்தியலால் இறுக்கி, 50 கி.மீ. ஓடியதும் மீண்டும் பாருங்கள்.

காற்று

எம்.ஜி.பி. ரேடியலுக்குக் கம்பெனி சொன்னது முன்னால் 21, பின்னால் 24 பி.எஸ்.ஐ. பங்க்கில் பையன் கேட்காமலே 32 அடிப்பான். வண்டி கல் போலக் குதிக்கும், ஈரத்தில் வழுக்கும்.

உயரத்தால் ஒரு குழப்பம் வரும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் சுமார் 3 பி.எஸ்.ஐ. கூட்டிக் காட்டும். அதே சமயம் 20 டிகிரி குளிர்ந்தால் ஏறத்தாழ அதே அளவு குறையும். காலையில் குளிர்ந்த டயரில் வைத்த காற்றுக்கு இரண்டும் சேர்ந்து கிட்டத்தட்ட சரியாகிவிடும். தொல்லை வருவது மத்தியான வெயிலில், ஓடிச் சூடான டயரில் கீழே காற்று வைக்கும்போது. மறுநாள் காலை மேலே பார்த்தால் குறைந்திருக்கும். வண்டி எங்கே அதிகம் ஓடுமோ அங்கே, காலையில், உங்கள் சொந்த கேஜில் பார்த்து வையுங்கள். இறக்கத்தில் சூடான டயர் கூட்டிக் காட்டுகிறது என்று காற்றை இறக்காதீர்கள்.

கம்பெனி சொன்ன எண்களிலிருந்து கூட்டிக் குறைக்க, சாக்பீஸ் போதும். பூவின் குறுக்கே தோள் தாண்டி ஒரு கோடு போட்டு நாலு வளைவு ஓட்டிவிட்டு வாருங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் அழிந்து ஓரத்தில் அப்படியே நின்றால் அதிகம். ஒவ்வொரு பி.எஸ்.ஐ.யாக மாற்றுங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் கெடுக்க வேண்டாம், ஸ்பிட்ஃபயரில் குறிப்பாக.

புது டயரின் மேல்தோலில் வார்ப்பு எண்ணெய் இருக்கும். முதல் 200 கி.மீ. மெதுவாக, முடிந்தால் காய்ந்த ரோட்டில். சட்டம் 1.6 மி.மீ. வரை அனுமதித்தாலும் ஐப்பசி மழையில் குன்னூர் இறங்க 3 மி.மீ. இருந்தாக வேண்டும்.

டயரை ஐந்தாக வாங்குங்கள். ஸ்டெப்னியில் கிடக்கும் பழைய நைலான் டயரை (ரேடியல் அல்லாத பழைய வகை) நாலு ரேடியலோடு சேர்த்து ஓட்டக் கூடாது. ஒரே ஆக்சிலில் இரண்டு வகை கூடவே கூடாது. முன்னால் ரேடியலும் பின்னால் நைலானும் என்றால் முதல் ஈர வளைவிலேயே பின்பக்கம் முந்திக்கொண்டு வரும்.