நாய் கடித்தால்: தண்ணீர், சீரம், தேதி

நாய்க்கடிக்கு ஊசி போட வேண்டும் என்பது இன்று சேலத்தில் தெரியாதவர் இல்லை. விட்டுப்போவது வேறு இரண்டு காரியங்கள்: ஊசிக்கு முன்னால் கடிவாயைக் கழுவுவது, ஊசியோடு சேர்த்துக் கடிவாய்க்குள்ளேயே சீரம், அதாவது வைரஸை அங்கேயே மடக்கும் மருந்து, போடுவது. ஊசி போட்டும் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தால், விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று நடந்திருக்காது, இல்லையென்றால் மறுதவணை தவறியிருக்கும். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) அறிகுறி வந்த பிறகு கைகொடுக்கும் மருந்து கிடையாது. ஆகவே வேலை எல்லாமே அறிகுறிக்கு முன்னால்தான்.

கழுவுவது

கடித்த இடத்திலேயே தொடங்குங்கள். குழாயடியோ கிணற்றடியோ, பக்கத்தில் எது இருக்கிறதோ அது போதும். ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, கடிகாரம் பார்த்து 15 நிமிடம். துணி சோப்பானாலும் பரவாயில்லை. ரேபிஸ் வைரஸுக்கு மேலே ஒரு கொழுப்பு உறை உண்டு. சோப்பு அதைக் கரைத்துவிடும். எஸ்டேட் லைன் வீடுகளில் குழாய் வராத நேரம் என்றால் ஒரு குடம் தண்ணீரைச் சொம்பால் மெல்ல, விடாமல் ஊற்றுங்கள், நடுநடுவே சோப்பு. பல் இறங்கிய குழிகள் மேலே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். அதனால் தண்ணீர் குழிக்குள் நேராக விழும்படி கையையோ காலையோ திருப்பிப் பிடிக்க வேண்டும். பிதுக்காதீர்கள், பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். சதை கிழிந்தால் வைரஸ் நரம்பைத் தொட இன்னும் வழி திறக்கும்.

கழுவி முடித்ததும் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியைத் தடவலாம். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், காப்பித்தூள், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். காப்பித்தூள் ரத்தத்தை நிறுத்தும் என்பார்கள். கழுவ வேண்டிய குழியை அது அடைத்துவிடும், டாக்டருக்குக் காயமும் தெரியாது. இறுக்கிக் கட்டுவதும் கூடாது.

ஏற்காட்டிலிருந்து கீழே வர 20 கொண்டை ஊசி வளைவு. குப்பனூர் வழியாக வந்தாலும் உடனே ஓடி வந்துவிடக்கூடிய தூரமில்லை. முதலில் வண்டி ஏறி, சேலத்தில் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள் மிக மலிவான, மிகப் பலமான சிகிச்சையை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுகிறார்கள். கழுவிவிட்டுக் கிளம்புங்கள். அந்த 15 நிமிடத்தால் ஊசி தாமதமாகிவிடாது.

எந்தக் கடிக்கு என்ன

நாயைத் தடவினது, சோறு வைத்தது, காயமில்லாத தோலை அது நக்கியது: இவற்றுக்கு ஒன்றும் வேண்டாம், கழுவினால் போதும். ரத்தம் வராத பிராண்டல், லேசாகக் கவ்வியது: தடுப்பூசி. தோல் கிழிந்து ஒரு துளி ரத்தம் வந்தாலே, ஏற்கெனவே இருந்த புண்ணில் நக்கினாலே, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டாலே அது மூன்றாம் வகை. தடுப்பூசியோடு சீரமும் வேண்டும். "பல்லு படலை, நகம்தான் பட்டுச்சு" என்று தள்ளிவிட வேண்டாம். நாய் தன் பாதத்தை நக்கும், நகத்திலும் எச்சில் இருக்கும்.

முகம், தலை, கழுத்து, விரல் நுனி ஆகிய இடங்களில் நரம்பு அடர்த்தி அதிகம். முகமும் கழுத்தும் மூளைக்குப் பக்கம் வேறு. குழந்தையின் உயரத்துக்கு நாயின் வாய் முகத்துக்கே வரும். ஆகவே குழந்தைக்கு முகத்தில் கடி என்றால் சீரம் இல்லாத இடத்தில் ஊசி மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பக் கூடாது.

கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், கைக்குழந்தை, முதியவர் யாருக்கும் இந்த ஊசி தடையில்லை. பத்தியமும் இல்லை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பாட்டிமார் பயமுறுத்துவது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த பழைய மருந்து. அது நிறுத்தப்பட்டு இருபது வருடம் ஆகிறது.

ஆஸ்பத்திரியில்

தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். சீரம் எல்லா இடத்திலும் கையிருப்பில் இருக்காது. மூன்றாம் வகைக் கடி என்றால் போகும் முன் 104 என்ற சுகாதார உதவி எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள், அல்லது நேராகச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கே போய்விடுங்கள். இரவானாலும் ஞாயிறானாலும் அவசரப் பிரிவு உண்டு. மலையில் முதல் ஊசி போட்டுவிட்டு "சீரம் கீழே போட்டுக்குங்க" என்றார்கள் என்றால், அதே நாளில் இறங்கிவிடுவது நல்லது. முதல் ஊசி போட்டதிலிருந்து 7 நாள் வரை சீரம் போடலாம். அதற்குப் பிறகு போடுவதில்லை, உடம்பே எதிர்ப்பைத் தயாரிக்கத் தொடங்கியிருக்கும்.

சீரம் ஏன் என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தடுப்பூசி வேலை செய்ய ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் கடிவாயிலேயே வைரஸை மடக்கி வைப்பது சீரம். அதனால்தான் அதைக் காயத்தைச் சுற்றியும் காயத்துக்குள்ளும் போட வேண்டும். இடுப்பில் ஒரே குத்தாகப் போட்டுவிட்டால் கடிவாய்க்கு வந்து சேருவது சொற்பம். வலிக்கும், குறிப்பாக விரல் நுனியில். குழந்தை அழுகிறதே என்று "வேணாம் சார், ஊசி மட்டும் போடுங்க" என்று எழுந்து வந்துவிடாதீர்கள்.

அளவு எடைக்குத் தக்கது. குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம் கிலோவுக்கு 40 யூனிட், மனித ரத்தத்திலிருந்து எடுப்பது 20 யூனிட். 60 கிலோ ஆளுக்குக் குதிரை சீரம் 2,400 யூனிட். மில்லிக்கு 300 யூனிட் உள்ள குப்பியானால் 8 மில்லி. 20 கிலோ குழந்தைக்கு ஏறத்தாழ 2.7 மில்லி. பல இடத்தில் கடி இருந்து மருந்து போதாவிட்டால் அளவைக் கூட்ட மாட்டார்கள். சலைன் கலந்து பெருக்கி எல்லாக் காயத்துக்கும் போடுவார்கள். சில இடங்களில் சீரத்துக்குப் பதில் மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஆய்வகத்தில் தயாரிக்கும், சீரத்தின் வேலையையே செய்யும் மருந்து) இருக்கும், அதன் கணக்கு வேறு. எதுவானாலும் போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். ஒவ்வாமை வந்தால் கவனிக்க ஆள் இருக்க வேண்டும்.

காயத்தை உடனே தைக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். தைத்தே ஆக வேண்டிய காயமானாலும் முதலில் சீரம், பிறகுதான் தளர்வாக ஒன்றிரண்டு தையல்.

டாக்டரிடம் சொல்ல வேண்டியவை: கடித்த நேரம், கடித்த நாய் யாருடையது, இப்போது எங்கே இருக்கிறது, இதற்கு முன் முழுத் தவணை போட்டதுண்டா, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா. முழுத் தவணை முன்பே போட்டவருக்கு 0 (முதல் ஊசி போடும் நாள்), 3 ஆகிய இரு நாள் ஊசி போதும், சீரம் வேண்டாம். அந்தப் பழைய சீட்டைத் தொலைத்துவிட்டால் பெரும்பாலும் முதலிலிருந்துதான்.

தேதி

அரசு ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறை: 0, 3, 7, 28-ஆம் நாள், ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் 0.1 மில்லி. சரியாகப் போட்டால் ஊசி முனையில் கொசுக்கடித் தடிப்பைப் போல ஒரு சின்னக் கொப்புளம் எழும்பும். எழும்பவில்லை என்றால் மருந்து ஆழத்துக்குப் போய்விட்டது. பக்கத்தில் இன்னொரு முறை போட வேண்டும். கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. தனியாரில் சதையில் போடுவது வழக்கம்: 0, 3, 7, 14, 28. பெரியவருக்குத் தோள்பட்டையில், சின்னக் குழந்தைக்குத் தொடையின் முன்பக்கம். பிட்டத்தில் ஒருபோதும் கூடாது. அங்கே கொழுப்பில் மருந்து தங்கிவிடும்.

முதல் ஊசி போட்ட நாள்தான் 0. தோலுக்குள் போடும் முறையில் திங்கட்கிழமை போட்டால் அடுத்தது வியாழன், பிறகு அடுத்த திங்கள், கடைசி அதிலிருந்து மூன்று வாரம் தள்ளி வரும் திங்கள். அந்தக் கடைசி ஊசிதான் அதிகம் தவறுவது. காயம் ஆறியிருக்கும், கூலி போகும், மலையிலிருந்து பஸ் பிடிக்க வேண்டும். காலண்டரில் வட்டம் போட்டு, போனில் அலாரம் வையுங்கள். ஒரு நாள் தவறினால் மறுநாளே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கடித்த நாய்

அடித்துக் கொன்றுவிடாதீர்கள். 10 நாள் அது உயிரோடு, நல்லபடி இருந்தால் கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். மீதி ஊசி பற்றி டாக்டர் முடிவு செய்வார். கொன்றுவிட்டால் அந்தத் தகவலே போச்சு. ஆனால் 10 நாள் பார்த்துவிட்டு ஊசிக்குப் போகலாம் என்று காத்திருப்பதும் ஆபத்து. ஊசி இன்றே, கவனிப்பு கூடவே. வளர்ப்பு நாய்க்குத் தடுப்பூசிப் புத்தகம் இருந்தாலும் இதேதான்.

வெறி பிடித்த நாய் தண்ணீருக்குப் பயப்படும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் உண்டு. நாய்க்கு அந்த அறிகுறி கிடையாது, தண்ணீர் குடிக்கவும் செய்யலாம். குணம் மாறுவதைப் பாருங்கள்: குரல் கரகரப்பு, கல்லையும் கட்டையையும் கடிப்பது, தள்ளாடுவது, எச்சில் ஒழுகுவது, கீழ்த்தாடை தொங்குவது. இன்னொரு வகையில் நாய் யாரையும் விரட்டாது, மூலையில் படுத்து விழுங்க முடியாமல் திணறும். தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது என்று வாய்க்குள் கைவிடுகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். மாடும் இப்படித்தான், வாயில் எச்சில் ஒழுகும் மாட்டுக்குக் கைவிட்டு மருந்து புகட்டும் முன் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதன் பாலைக் காய்ச்சிக் குடித்திருந்தால் ஊசி தேவையில்லை.

ஏற்காட்டில் குரங்குக் கடியும் உண்டு. தின்பண்டப் பையைப் பிடுங்கும்போது கீறினாலும் மேலே சொன்ன முறையேதான். வீட்டு எலி, அணில் கடிக்குப் பொதுவாக வேண்டியிருக்காது.

தெருவில்

ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டால் நோய்ச் சங்கிலி அறும். பத்துக்கு ஏழு. அதற்கு முதலில் எத்தனை நாய் என்று தெரிய வேண்டும். விடியற்காலை, கடை திறக்கும் முன், இரண்டு பேர் நடந்து நிறம், ஆண் பெண், காது அடையாளம் எழுதிக்கொள்ளுங்கள். காதில் வெட்டு இருந்தால் கருத்தடை ஆயிற்று என்றுதான் பொருள். இந்த வருட ஊசி போட்டதற்கு அது சாட்சி இல்லை. பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஊசி போட்ட நாய்க்கு முதுகில் சாயமோ கழுத்தில் நிறப்பட்டையோ போட்டால்தான் அடுத்த தெருக்காரர் மறுபடி பிடிக்க மாட்டார். குட்டிக்கு மூன்று மாதத்தில் தொடக்கம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும்; எஸ்டேட்டுக்குக் கொண்டுபோகும்போது ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டினால் உறைந்து வீணாகிவிடும், நடுவே துணி வையுங்கள்.

மாநகராட்சியில் புகார் கொடுக்கும்போது "நாயை எங்கேயாவது கொண்டுபோய் விடுங்க" என்று எழுதாதீர்கள். மத்திய அரசின் 2023 விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிப்படி தெருநாயைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறி பிடித்ததாகச் சந்தேகப்படும் நாய்க்குத் தனி நடைமுறை. பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாக நாய்களுக்கு 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் தனி உத்தரவு போட்டது. அவற்றைப் பிடித்தால் திரும்ப அங்கே விடக் கூடாது. ஆகவே புகாரில் இடத்தைத் துல்லியமாக எழுதுங்கள்: வளாகத்துக்கு உள்ளேயா, வெளித் தெருவிலா, எத்தனை நாய், எந்த நேரத்தில் கூடுகின்றன, பக்கத்தில் கோழிக்கடைக் கழிவு கொட்டும் இடம் இருக்கிறதா. அந்தக் கழிவை நிறுத்தாமல் நாயை மட்டும் பிடித்தால் அடுத்த மாதம் ஊசி போடாத வேறு நாய்கள் அதே இடத்துக்கு வந்துவிடும்.