ஒஸ்லோ மகளும் ஸ்டொக்ஹோம் பெறாமகளும்: முன்பள்ளி ஆண்டுகளை ஒப்பிடுவது எப்படி

என் மகளும் அக்காவின் மகளும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். நாங்கள் ஒஸ்லோவில், அக்கா குடும்பம் ஸ்டொக்ஹோமில். இருவருக்கும் ஆறு வயதாகும் வருடத்து ஆகஸ்டில் என் மகள் முதலாம் வகுப்புக்குப் போனாள். பெறாமகள் போனது ஃபோர்ஸ்கூலெகிளாஸுக்கு, அதாவது ‘முன்பள்ளி வகுப்பு’க்கு. யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போனில் கேட்டார்: "மூத்தவளின்ர பிள்ளை என்ன, இன்னும் நேசரியிலயோ?"

அந்த நேரம் பார்த்து எனக்கும் பிள்ளைப் பராமரிப்புப் படிப்பில் ஒரு ஒப்படை வந்தது. இரண்டு நாடுகளில் பெண் பிள்ளைகளுக்கு எதிர்பார்க்கப்படும் முன்பள்ளி ஆண்டுகளை ஒப்பிட வேண்டும். யுனெஸ்கோ புள்ளிவிவர நிறுவனத்தின் அட்டவணையைத் திறந்தேன். சுவீடனின் எண் நோர்வேயைவிட ஒன்றளவுக்குக் கூட இருந்தது. ‘சுவீடனில் பெண் பிள்ளைகள் ஒரு வருடம் கூடுதலாகப் பயன்பெறுகிறார்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டத்தோடு தாள் திரும்பி வந்தது. நீங்கள் அந்த வட்டத்தை வாங்காமல் இருக்கத்தான் இது.

முதலில் அந்த எண் எப்படி வருகிறது என்று ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். மூன்று வயதுப் பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேர் முன்பள்ளியில் இருக்கிறார்கள், நாலு வயதில் எத்தனை, ஐந்தில் எத்தனை? இவற்றைக் கூட்டி நூறால் வகுத்தால் ஆண்டுக்கணக்கு வரும். கணக்குப் பழக ஒரு உதாரணம்: 95, 97, 98 என்றால் கூட்டுத்தொகை 290, ஆகவே 2.90 ஆண்டுகள். (இவை நான் போட்ட எண்கள், அட்டவணையில் தேடாதீர்கள்.) இது எந்தப் பிள்ளைக்கும் பார்க்கும் சாத்திரம் இல்லை. இந்த வருடத்துச் சேர்க்கை வீதம் அப்படியே நீடித்தால், இன்று தொடங்கும் ஒரு பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பது மட்டும்தான்.

சரி, அடுத்ததுதான் நான் கோட்டைவிட்ட இடம். அதே அட்டவணையில் முன்பள்ளிக்கான அதிகாரபூர்வ தொடக்க வயதும் கால அளவும் தனி வரிகளில் கிடைக்கும். ஒப்பிடுவதற்கு முன்பே இரண்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நோர்வேயில் 1997 சீர்திருத்தத்திலிருந்து பள்ளி ஆறு வயதில் தொடங்குகிறது, ஆகவே முன்பள்ளி 3, 4, 5 வயது, மூன்று ஆண்டு. சுவீடனில் முதலாம் வகுப்பு ஏழு வயதில். ஆறு வயதுக்கான ஃபோர்ஸ்கூலெகிளாஸ் 2018 இலையுதிர்காலத்திலிருந்து கட்டாயம், ஆனாலும் கல்வி நிலைகளுக்கான சர்வதேச வகைப்பாட்டில் அது முன்பள்ளிதான். ஆகவே நாலு ஆண்டு. என் உதாரணத்தில் ஆறு வயதுக்கு 99 சேர்த்தால் சுவீடனுக்கு 3.89. வித்தியாசம் 0.99, முழுவதும் அந்த ஒரு வயதிலிருந்து வந்தது. இப்போது ஒவ்வொன்றையும் அந்தந்த நாட்டுக் கால அளவால் வகுத்துப் பாருங்கள்: 2.90ஐ மூன்றால் வகுத்தால் 96.7 சதவீதம், 3.89ஐ நாலால் வகுத்தால் 97.25. ஒரு வருட வித்தியாசம் அரைச் சதவீதமாகச் சுருங்கிவிட்டது.

இதை நான் கண்ணாலும் பார்த்தேன். அந்த ஒக்டோபரில் அக்கா வீட்டுக்குப் போனபோது பெறாமகளைக் கூப்பிட நானும் பள்ளிக்குப் போனேன். பள்ளிக்கூடக் கட்டடத்திலேயே ஒரு அறை, தரையில் விரிப்பு, சுற்றிவர இருந்து பைன் காய்களைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள். என் மகளின் முதலாம் வகுப்பிலும் அதே மாதம் அதே பைன் காய்தான். எங்கள் வீட்டுச் சப்பாத்துத் தட்டில் இன்னும் இரண்டு கிடக்கிறது. ஒருத்தி எண்ணியது முன்பள்ளி நிரலில் ஏறியது, மற்றவள் எண்ணியது ஆரம்பப் பள்ளி நிரலில் ஏறியது.

வகுத்து வரும் விடை எப்போதும் நூறுக்குள் நிற்கும் என்றும் நினைக்காதீர்கள். கானாவில் கிண்டர்கார்டன் 4, 5 வயதுக்கு இரண்டு ஆண்டு, 2007இலிருந்து கட்டாய அடிப்படைக் கல்வியின் பகுதி. அங்கே வயது குறைந்த பிள்ளைகளும் கூடிய பிள்ளைகளும் அதே வகுப்பில் இருப்பதால் மொத்தச் சேர்க்கை வீதம் (எந்த வயதானாலும் வகுப்பில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளையும் உரிய வயதுப் பிள்ளைகளின் தொகையால் வகுப்பது) பல வருடங்களில் நூறைத் தாண்டியது. இரண்டு ஆண்டு வகுப்புக்கு இரண்டுக்கு மேல் வந்தால் அச்சுப்பிழை என்று அழித்துவிட வேண்டாம்.

அப்புறம், எது கணக்கில் வரவில்லை என்றும் பாருங்கள். என் மகள் பார்னெஹாகெக்கு, அதாவது நோர்வே முன்பள்ளிக்கு, போகத் தொடங்கியது பதின்மூன்று மாதத்தில். அதே கட்டடம், அதே கொக்கியில் அதே மழைச்சட்டை. ஆனால் மூன்று வயதுக்கு முந்திய காலம் வகைப்பாட்டில் வேறு பிரிவு, இந்த எண்ணில் சேராது. மணித்தியாலமும் சேராது. அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து அவள் விடுப்பில் இருந்த வருடம், பெறாமகளுக்கு முன்பள்ளி வாரத்துக்கு 15 மணித்தியாலம் மட்டும். சுவீடனில் மூன்று வயதிலிருந்து வருடத்துக்கு 525 மணித்தியாலம் இலவசமாகக் கிடைக்கிறதே, அந்தக் கணக்கு. இந்த எண்ணில் காலையிலிருந்து மாலை வரை நிற்கும் பிள்ளையும் ஒன்று, பெறாமகளும் ஒன்று.

பெண் பிள்ளைகளின் எண்ணை எடுக்கும்போது பக்கத்திலேயே ஆண் பிள்ளைகளின் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே நாட்டுக்குள் கால அளவு இருவருக்கும் ஒன்றுதான் என்பதால் அங்கே வகுக்காமலே ஒப்பிடலாம். இந்த இரண்டு நாடுகளிலும் சொல்லும்படியான இடைவெளி இல்லை, அதனால் என் தாளில் அது ஒரே வரி. இடைவெளி இருக்கும் நாட்டை எடுத்தால் பாதித் தாளை அதற்கே கொடுங்கள்.

இரண்டு நாட்டுக்கும் ஒரே வருடத்து எண்ணை எடுப்பது சொல்லாமலே தெரியும். நீண்ட காலத் தொடர் எடுக்கிறவர்கள் மட்டும் முறிவுகளை, அதாவது விதி மாறியதால் எண் திடீரென மாறும் வருடங்களை, பார்க்க வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கு மாறிய 1997 நோர்வேக்கு ஒன்று. சுவீடனில் ஃபோர்ஸ்கூலெகிளாஸை முதலாம் வகுப்பாக்கிப் பள்ளியைப் பத்து வருடமாக்க அரசு 2028 இலையுதிர்காலத்தைக் குறித்திருக்கிறது. அப்படி நடந்தால் சுவீடன் பெண் பிள்ளைகளின் எண் நாலை ஒட்டியிருந்து மூன்றை ஒட்டி இறங்கும். பைன் காய் எண்ணும் அறை அப்படியே இருக்கும்.

திருத்திய தாளை இரண்டாம் தரம் கொடுத்தேன், வட்டம் இல்லாமல் வந்தது. அம்மாவுக்கும் போனில் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப சுவீடனில ஏழு வயசிலதான் ஒண்டாம் வகுப்போ, பாவம்" என்றார்.